வெட்பாலைத் தைலமும் களிம்பும்: கொங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்தின் மேற்கு வேலியோரம் நான்கு வெட்பாலை மரங்கள் நிற்கின்றன. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் பல்வலி வந்தால் அதன் இலையைக் கிள்ளி உப்புடன் மென்றார்கள். அதற்கு மேல் அந்த மரத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை. என் கணவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) வந்து, அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் வெட்பாலைத் தைலம் கொடுத்த பிறகுதான், மருந்து வேலியிலேயே நிற்கிறது என்பது எங்களுக்குப் புரிந்தது. அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சித்த மருத்துவரின் அறிவுரைப்படி வீட்டுத் தேவைக்குத் தைலமும் களிம்பும் செய்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் மருத்துவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வெட்பாலை எந்த மரம்? எப்படி ஐயமின்றி அடையாளம் காண்பது?

வெட்பாலை அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். தாவரவியலில் ரைட்டியா டிங்டோரியா என்று பெயர். கோடைக்கு முன் இலையை உதிர்த்துவிட்டு, பங்குனி, சித்திரையில் புதுத் துளிரும் வெள்ளைப் பூவுமாக நிற்கும். பூவில் மல்லிகையை நினைவூட்டும் மெல்லிய மணம் உண்டு. இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், கிள்ளினால் காம்பிலிருந்து வெள்ளைப் பால் வடியும்.

பாலை என்று பெயர் முடியும் மரங்கள் பல இருப்பதால் குழப்பம் எளிதில் வருகிறது. ஏழிலைப்பாலையில் ஒரே கணுவைச் சுற்றி ஏறத்தாழ ஏழு இலைகள் வட்டமாக இருக்கும் என்பதால் அதைப் பிரித்தறிவது எளிது. குடசப்பாலைதான் கண்ணை ஏமாற்றும். நாட்டு மருந்துக் கடைகளில் இவ்விரண்டின் விதைகளும் ஒன்றுக்கொன்று மாறிப் போவது பழைய சிக்கல். காயைப் பாருங்கள். வெட்பாலைக் காய்கள் மெல்லிய முருங்கைக்காய் போல இரட்டையாகத் தொங்கும். இளங்காயாக இருக்கும்போது இரண்டின் நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, வளைத்த இடுக்கியைப் போலத் தோன்றும். குடசப்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டுவதில்லை. காய் இல்லாத காலத்தில், நான்கைந்து இலைகளைக் கிழித்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வையுங்கள். சில நாட்களில் எண்ணெய் ஊதாவாக மாறாவிட்டால் அந்த மரத்தை மருந்துக்கு எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் வேறு மரத்தின் இலையைக் கொண்டு மூன்று லிட்டர் எண்ணெயை வீணாக்கிய பிறகு, இந்தச் சிறு குப்பிச் சோதனையை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இலையை எங்கே பறிக்கலாம்? எப்போது பறிக்க வேண்டும்?

கொங்கு நாட்டின் செம்மண், சரளை நிலங்களுக்கு ஏற்ற மரம் இது. கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) ஓரங்களிலும் வறண்ட குன்றுகளின் அடிவாரங்களிலும் தானாகவே வளரும். ஆனால் குன்று என்றால் அது பெரும்பாலும் காப்புக்காடாக இருக்கும். அங்கே அனுமதியின்றி இலை பறிப்பது வனச் சட்டப்படி குற்றம். சத்தியமங்கலம் பக்கம் 2013இல் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இதில் கண்டிப்பு இன்னும் கூடியிருக்கிறது. சொந்த வேலியில் இரண்டு மரம் வளர்ப்பதே நல்ல வழி.

காலத்தைப் பொறுத்தவரை, துளிர் முற்றிக் கரும்பச்சையாகும் வைகாசி மாதத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன். ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணை வாரி இறைக்கும். திறந்த பாத்திரத்தில் எண்ணெய் வைப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் பகை மாதங்கள். வைகாசியைத் தவறவிட்டவர்கள் ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசி வரை பொறுத்து, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். பனி காய்ந்த பிறகு, முற்பகலில், கையால் கிள்ளிப் பறிக்க வேண்டும். ஒரு மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு மரம் சோர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பச்சை இலை போட்ட எண்ணெய் ஏன் ஊதாவாக மாறுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம் உண்டு, ஏனெனில் மருந்தின் கதையே இந்த நிறத்தில்தான் இருக்கிறது. வெட்பாலை இலையில், அவுரியில் இருப்பது போலவே, நீலச் சாயத்துக்கு முந்தைய நிலையிலுள்ள நிறமற்ற பொருள் இருக்கிறது. இலையைக் கிழிக்கும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து, இலையின் நொதிகளும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்தப் பொருளை நிறமுள்ளதாக மாற்றுகின்றன. அப்படி உருவாகும் இண்டிகோடின் நீலம். அதோடு உருவாகும் இண்டிருபின் சிவப்பு. இரண்டும் எண்ணெயில் கலந்தால் நாவல்பழ நிறம் வருகிறது.

மரத்தின் அறிவியல் பெயரிலுள்ள டிங்டோரியா என்ற சொல்லே சாயத்தைக் குறிப்பதுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ, இந்த மரத்தின் இலையிலிருந்து அவுரி நீலம் எடுப்பதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இதே மரத்தின் வெண்ணிறக் கட்டையில்தான் கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்துப் பொம்மைகளைக் கடைந்து வருகிறார்கள். சாயமும் பொம்மையும் தந்த மரம் தோலுக்கும் மருந்தாகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு அதன் மேல் மதிப்பு கூடுகிறது.

தைலத்தை எப்படிச் செய்வது?

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு அரைக் கிலோ இலை என்பது எங்கள் வீட்டு அளவு. பறித்த இலையைத் தண்ணீரில் அலசித்தான் ஆக வேண்டும் என்றால் அலசுங்கள், ஆனால் அதன் பின் நிழலில் பருத்தித் துணி மேல் பரப்பி, மேல் ஈரம் முழுவதும் போகும் வரை காத்திருங்கள். நான் அலசுவதைத் தவிர்த்து, ஒவ்வோர் இலையையும் உலர்ந்த துணியால் துடைக்கிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆயினும் ஓராண்டு அவசரத்தில் ஈர இலையைப் போட்டு, நான்காம் நாள் மேலே வெண்பூஞ்சணம் படர்ந்து அவ்வளவையும் கொட்ட வேண்டி வந்ததிலிருந்து இந்த வேலையில் நான் குறை வைப்பதில்லை.

துடைத்த இலையைக் கையால் சிறு துண்டுகளாகக் கிழித்து, வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்திலோ நன்கு காய்ந்த மண்சட்டியிலோ இட்டு, இலை முழுவதும் மூழ்கும்படி எண்ணெயை ஊற்ற வேண்டும். இரும்பு படக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் இரும்பும் அலுமினியமும் பயன்படுத்துவதில்லை. வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டி, காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலில் வைத்து, இரவில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். இதைத்தான் சூரிய புடம் என்கிறோம். நாள்தோறும் ஒரு முறை உலர்ந்த மரக்கரண்டியால் கிளற வேண்டும். மேலே மிதக்கும் இலை எண்ணெய்க்குள் போவதற்கும், உள்ளே காற்றுப் படுவதற்கும் அது தேவை. இரண்டாம் மூன்றாம் நாளிலேயே எண்ணெய் செந்நிறமாகத் தொடங்கும். நல்ல வெயில் இருந்தால் பத்து நாளில் ஆழ்ந்த ஊதா வந்துவிடும். நான் பதினைந்து நாள் வரை வைத்துப் பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டுகிறேன். வடிகட்டிய எண்ணெயை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேல் எண்ணெயை மட்டும் குப்பியில் எடுக்க வேண்டும். அந்த மண்டியில்தான் ஈரம் ஒளிந்திருக்கும்.

எந்தத் தேங்காய் எண்ணெய் நல்லது?

கொப்பரை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு ஆட்டிய எண்ணெய். காங்கேயத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும் இருப்பதால் நமக்கு இதில் குறையில்லை; ஆனால் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை காட்டிய கொப்பரையும் சந்தையில் வருகிறது. புண்பட்ட தோலில் பூசும் மருந்துக்கு, வெறும் வெயிலில் காய்ந்த கொப்பரையைத் தேடி வாங்கி, செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்ளுங்கள். மணம் சேர்த்த தலை எண்ணெய் கூடவே கூடாது.

அடுப்பில் காய்ச்சினால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

காய்ச்சி எடுக்கும் தைலங்கள் சித்த மருத்துவத்தில் ஏராளமாக உண்டு. அவற்றைக் குறை சொல்லவில்லை. வெட்பாலையில் நமக்கு வேண்டிய நிறப்பொருள்கள் இலை உடைந்து, நொதி வேலை செய்து, காற்றோடு மெல்லச் சேர்ந்து உருவாகுபவை. கொதிக்கும் எண்ணெயில் பச்சை இலையைப் போட்டால் அந்த நொதி வெந்துவிடும். பச்சை நிற எண்ணெய் கிடைக்கும், ஊதா எண்ணெய் கிடைக்காது.

தைலம் இருக்கும்போது களிம்பு எதற்கு? மெழுகு எவ்வளவு சேர்க்க வேண்டும்?

தைலம் வழியும், களிம்பு பூசிய இடத்தில் நிற்கும். முழங்கை, முழங்கால், உள்ளங்கால் போன்ற இடங்களில் வறண்டு வெடித்த தோலின் மேல் ஒரு படலமாக நின்று ஈரத்தைக் காப்பதால், களிம்பே அங்கு ஏற்றது. தலைக்கு மட்டும் தைலம்தான் சரி. களிம்பு முடியில் ஒட்டிக்கொண்டு அவதிப்படுத்தும்.

களிம்புக்கு வேண்டியது தேன்மெழுகு ஒன்றுதான். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மெழுகு குறைந்த களிம்பு டப்பாவுக்குள் தண்ணீராகிவிடும். மார்கழியிலோ அதே களிம்பு கல்லாக இறுகும். கோடையில் 100 கிராம் தைலத்துக்கு 20 கிராம் மெழுகும், குளிர்காலத்தில் 12 முதல் 15 கிராம் மெழுகும் எனக்குச் சரியாக வருகின்றன. ஒரு போசியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதன் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெழுகை மட்டும் முதலில் உருக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். அடுப்பை அணைத்த பிறகு தைலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, இளஞ்சூட்டிலேயே சிறு கண்ணாடி டப்பாக்களில் ஊற்றிவிட வேண்டும். பதினைந்து நாள் வெயிலில் வளர்த்த தைலத்தை நேரடி நெருப்பில் காட்டாமல் இருப்பதற்கே இந்தச் சுற்று வழி. கலவையில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும். தளர்வாக இருந்தால் இன்னும் சிறிது மெழுகு சேர்க்கலாம்.

மெழுகு என்று சொல்லி மெழுகுவர்த்தி மெழுகைக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. உண்மையான தேன்மெழுகு மஞ்சளாக, தேன் மணத்தோடு இருக்கும்.

மஞ்சள், குப்பைமேனி, வேம்பு எல்லாம் சேர்த்தால் இன்னும் பலன் கூடாதா?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம்; அந்த மஞ்சளைத் தோலில் பூசுவது நம் வழக்கமும்கூட. இருந்தும் இந்தக் களிம்பில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். முதலாவதாக, தைலத்தின் ஊதா நிறமே அதன் தரத்துக்குச் சான்று. மஞ்சளைக் கலந்தால் அந்தச் சான்று மறைந்துவிடும். இரண்டாவதாக, பூசியவருக்கு அரிப்போ தடிப்போ வந்தால், ஐந்து மூலிகை சேர்ந்த களிம்பில் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவைதாம். குப்பைமேனிக்கு அதன் பயன் உண்டு. அதைத் தனியாகச் செய்து, அதற்குரிய நோய்க்குப் பயன்படுத்துங்கள்.

கற்றாழைச் சாறு சேர்த்துக் கிரீம் போலச் செய்யலாமா?

வீட்டில் செய்யாதீர்கள். நீர் சேர்ந்த எந்தக் கலவையிலும் கிருமி வளரும்; அதைத் தடுக்கப் பதப்பொருளும் சோதனைக்கூடமும் தேவை. பார்வைக்கு நன்றாக இருக்கும் கிரீமில் கிருமி பெருகியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதை வெடித்த தோலில் பூசினால் சீழ் பிடிக்கும்.

எந்தத் தோல் நோய்க்கு இது பொருந்தும்?

அரிப்பு என்றாலே ஒரே நோய் என்று நினைத்துக் களிம்பைக் கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்த மருத்துவத்தில் வெட்பாலைத் தைலம் முதன்மையாகக் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸ் நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. தெளிவான விளிம்புள்ள சிவந்த தடிப்பும், அதன் மேல் வெள்ளி நிறச் செதிலும், முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தோன்றுவது இதன் இயல்பு. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, தோலின் மேலணுக்கள் மிக விரைவாகப் பெருகுவதால் வருவது இது. கிருமியால் வருவதில்லை, எனவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எங்கள் உறவிலேயே ஒரு பெண்ணுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்திருந்தார்கள். அந்த வீட்டாரிடம் இதை நேரில் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

படர்தாமரை முற்றிலும் வேறு. அது பூஞ்சையால் வருவது, வட்டமாக விரிந்து நடுவில் தெளிந்து ஓரத்தில் சிவந்திருக்கும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் பரவும். அதற்கு எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைப் பூசி மூடிவைத்து நாட்களைக் கடத்துவது நோயை வளர்ப்பதாகும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல், வேலையால் வரும் தோல் அழற்சி. சாயப்பட்டறையில் சாயத்திலும் அமிலத்திலும் கை நனைப்பவர்களுக்கும், சிமெண்டு வேலை செய்பவர்களுக்கும் கைகளில் வெடிப்பும் நீர்க்கொப்புளமும் வருகின்றன. வயற்காட்டில் பார்த்தீனியம் பிடுங்குபவர்களுக்கு முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தடித்து அரிக்கும். அந்தச் செடியின் துகள் காற்றில் வந்து பட்டாலே போதும். காரணம் தொடரும் வரை எந்தக் களிம்பும் நிலைத்த பலன் தராது. முதலில் கையுறை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் கழுவுதல்; களிம்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நீர் வடியும் புண், சீழ் வைத்த இடம், தீக்காயம், உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஆகியவற்றுக்கு இதைப் பூசவே கூடாது. கடைசியாகச் சொன்னது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, உரிய காலத்தில் சென்றால் முழுக் குணமும் கிடைக்கும்.

காளாஞ்சகப்படை இதனால் முற்றிலும் குணமாகுமா? ஆய்வுகள் இருக்கின்றனவா?

கட்டுக்குள் வரும் என்று சொல்லலாம்; வேரோடு போகும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இது தணிந்தும் மீண்டும் கிளர்ந்தும் வரும் நோய். என் கணவருக்குச் செதிலும் அரிப்பும் வெகுவாகக் குறைந்தன. பனிக்காலத்திலும், மனக்கவலை மிகுந்த நாட்களிலும் திரும்பி வருகின்றன.

ஆய்வைப் பொறுத்தவரை, மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சியில் வெட்பாலை இலையும் தேங்காய் எண்ணெயும் கொண்டு உருவாக்கப்பட்ட 777 எண்ணெய் பலருக்கும் தெரிந்ததே. இலைச் சாற்றை எலிவால் தோலில் பூசிச் செய்த ஆய்வகச் சோதனைகளில் தோலணுக்களின் ஒழுங்கற்ற வளர்ச்சி சீராவது காணப்பட்டிருக்கிறது. தைவானில், நீலச் சாயம் தரும் செடிகளிலிருந்து எடுக்கும் பொடியில் செய்த களிம்பைச் சொரியாசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது நல்ல பலன் கிடைத்தது. அதில் வேலை செய்யும் முக்கியப் பொருள் என்று கருதப்படும் இண்டிருபின் வெட்பாலையிலும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் களிம்பு வேறு, நம் வீட்டுத் தைலம் வேறு. அங்கே மருந்துப்பொருளின் அளவு அளந்து வைக்கப்பட்டது. நம்முடையதில் இலைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அவர்களின் முடிவை நம் டப்பாவின் மேல் ஒட்டுவது நேர்மையாகாது.

எப்படிப் பூச வேண்டும்? வெயிலில் நிற்க வேண்டுமா?

முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு காசளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ அரிப்போ இல்லாவிட்டால் மட்டும் மேலே செல்லுங்கள். குளித்து, தோலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சிறிது ஈரம் இருக்கும்போதே மெல்லியதாகப் பூசினால் போதும். செதிலை நகத்தால் பெயர்க்காதீர்கள். சொரியாசிஸ் உள்ளவரின் தோலில் கீறல் பட்ட இடத்தில் புதுத் தடிப்பு கிளம்பக்கூடும்.

தைலம் பூசி இளவெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்படி எங்கள் சித்த மருத்துவர் சொன்னார். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்த நோயைத் தணிப்பது உண்மையே. தோல் மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் ஒளிச் சிகிச்சையும் அதே அடிப்படையில் அமைந்ததுதான். ஆனால் இளவெயில் என்பது காலை எட்டு மணிக்குள் என்று பொருள். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் நின்று தோல் பொசுங்கினால், பொசுங்கிய இடத்திலும் நோய் கிளம்பக்கூடும்.

ஆங்கில மருந்து சாப்பிடுகிறேன். இதைத் தொடங்கினால் அதை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்து வந்தவர்கள் திடீரென்று விட்டால், உடல் முழுவதும் சிவந்து சீழ்க்கொப்புளம் கிளம்பும் ஆபத்தான நிலை வரக்கூடும். இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு மருந்துகளையும் பற்றிச் சொல்லுங்கள். காலையில் எழும்போது விரல் மூட்டோ முதுகோ இறுகிப்போய் வலித்தால், நோய் மூட்டுக்குப் போயிருக்கலாம். அதை வெளிப்பூச்சால் தடுக்க முடியாது, மூட்டு நிரந்தரமாகக் கெடும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பூசலாமா?

மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம். யாராக இருந்தாலும் கண், உதடு, மறைவிடம் ஆகியவற்றில் பூசக் கூடாது. உள்ளுக்குச் சாப்பிடவும் கூடாது.

துணியில் கறை படிகிறதே?

படியும்; சாயம் தந்த மரமல்லவா. திருப்பூர்ப் பனியன் துணி நம் வீடுகளில் பழையதாக எப்போதும் இருக்கும், அதைக் கையுறை போலவும் தலையணை உறையாகவும் பயன்படுத்துங்கள். வெள்ளை வேட்டியோடு பூசிக்கொண்டு உட்கார வேண்டாம்.

கடையில் வாங்கும் வெட்பாலைக் களிம்பு உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், முடியும் நாள், மூலப்பொருள் பட்டியல் ஆகிய ஐந்தும் டப்பாவின் மேல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தைலத்தில் சில சொட்டுகளை வெதுவெதுப்பான நீரில் விட்டுக் குலுக்குங்கள்: வெட்பாலையின் நிறப்பொருள்கள் நீரில் கரைவதில்லை, ஆகவே நீர் ஊதாவானால் அது நீரில் கரையும் செயற்கைச் சாயம். எண்ணெயில் கரையும் சாயத்தை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாயத்தைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. மூலிகைக் களிம்பு என்ற பெயரில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. பூசிய இரண்டே நாளில் வியக்கும்படி சரியாகி, நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தால், தோல் மெலிந்து நரம்பு தெரிந்தால், ஐயப்படுங்கள். உண்மையான வெட்பாலை மெதுவாகத்தான் வேலை செய்யும். என் கணவருக்கு மாற்றம் தெரிய ஆறு வாரம் ஆனது.

நானும் செய்து விற்கலாமா?

வீட்டுக்குச் செய்வது வேறு, நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்பது வேறு. விற்பனைக்குச் செய்ய, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின்படி சித்த மருந்து தயாரிப்பு உரிமம் பெற வேண்டும். தயாரிப்புக்கூடமும் பணியாளர் தகுதியும் பட்டியல் டி (Schedule T) விதித்துள்ள நல்ல தயாரிப்பு முறைகளுக்கு இணங்க இருக்க வேண்டும். மகளிர் குழுக்களில் இதைச் செய்ய ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, உரிமம் பெற்ற நிறுவனத்துக்குத் தரமான இலையையும் எண்ணெயையும் கொடுப்பதில் தொடங்குங்கள் என்பதே. விளம்பரத்திலும் கவனம் வேண்டும். மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டின் சட்டம், தொழுநோய், வெண்புள்ளி உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

நான் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தி முடித்துவிடுகிறேன். தைலம் அடர்நிறக் குப்பியில், வெளிச்சம் படாத அலமாரியில் இருக்க வேண்டும். களிம்பை 50 கிராமுக்கு மேற்படாத சிறு டப்பாக்களாக ஊற்றி வைத்து, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். ஈரக் கையை உள்ளே விடாமல், உலர்ந்த சிறு கரண்டியால் எடுங்கள். செய்த தேதியைக் காகிதத்தில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். சிக்கு வாடை வந்தாலும், மேலே புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் தெரிந்தாலும், மேல் பகுதியை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாமல் முழுவதையும் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.